ஹம்பிப் பாறையும் எட்டாம் நம்பர் காலும்!

ஹம்பிக்குப் போகிறவர்களில் இரண்டு ரகம் உண்டு. கல் ரதத்தின் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு திரும்புகிறவர்கள் ஒரு ரகம். துங்கபத்ராவின் அக்கரையில், யானைக் கூட்டம் படுத்துக் கிடக்கிற மாதிரி இருக்கும் பாறைகளைப் பார்த்ததும் 'ஏறினால் என்ன?' என்று கை அரிக்கிறவர்கள் இன்னொரு ரகம். நீங்கள் இரண்டாவது ரகம் என்றால், கொஞ்சம் இப்படி வாருங்கள்.

நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை சாணாபூர் பக்கம் போனால், முதுகில் மடித்த மெத்தையுடன் ஆட்கள் நடந்து போவதைப் பார்க்கலாம். படுத்துத் தூங்க அல்ல! பாறைக்கடியில் மெத்தையைப் போட்டுவிட்டு, கயிறு இல்லாமல் ஏறுவார்கள். விழுந்தால் மெத்தை. இதற்குப் பெயர் போல்டரிங். 2003-ல் வெளிவந்த 'பில்கிரிமேஜ்' என்ற படத்தில் கிரிஸ் ஷர்மா (பெயரைப் பார்த்து மயிலாப்பூர் என்று நினைக்காதீர்கள், கலிபோர்னியாக்காரர்) இங்கே ஏறிக் காட்டியதிலிருந்து ஹம்பிக்கு மவுசு ஜாஸ்தி. அப்போது இவர்களெல்லாம் தங்கிய விருபாபூர் கட்டி விடுதிகள், சுப்ரீம் கோர்ட் தீர்ப்புக்குப் பிறகு 2020-ல் இடிபட்டுவிட்டன.

அங்கே இரண்டு பெங்களூர் இளைஞர்களைப் பார்த்தேன். ஒருவர் காலில் வாழைப்பழம் போல வளைந்த புது ஷூ. முகத்தில் பிரசவ வேதனை.

"டேய், நகம் உள்ளே போயிடுச்சுடா!"

"அதுதான்டா கிரிப்பு. பொறுத்துக்கோ!"

முதல் ஷூ வாங்குகிற முக்கால்வாசிப் பேரைக் கெடுப்பது இந்த 'பொறுத்துக்கோ'தான். வளைந்த ஷூ, குகைக் கூரை மாதிரி வெளியே சாய்ந்த பாறையில் கால் விரலால் கொக்கி போட்டு இழுப்பதற்கானது. புதுசாக ஏறுகிறவருக்கு ஹம்பியில் கிடைப்பது பெரும்பாலும் சரிவுப் பாறை. அதில் பிடிமானமே இருக்காது. முன்பாதத்து ரப்பரை அப்படியே பாறையில் அழுத்தி, அதை நம்பி எழுந்து நிற்க வேண்டும். கால் வலித்தால் எப்படி நம்புவீர்கள்? கையாலேயே தொங்குவீர்கள். அரை மணியில் விரல் தோல் உரிந்துவிடும். ஹம்பி கிரானைட் அவ்வளவு சொரசொரப்பு!

ஆகவே தட்டையான அடிப்பாகம் உள்ள ஷூவே போதும். "பாட்டாவில் எனக்கு எட்டு, சார்" என்று கடையில் ஆரம்பிக்காதீர்கள். கம்பெனிக்குக் கம்பெனி நம்பர் மாறும். கால் சற்று வீங்கியிருக்கும் சாயங்கால வேளையில் போங்கள். சாக்ஸ் வேண்டாம். விரல்கள் முனையைத் தொட்டு லேசாக மடங்கலாம், நசுங்கக் கூடாது. குதிகாலில் காற்று புக இடமிருந்தால் அந்த ஷூ வேண்டாம். ஏதாவது சின்ன விளிம்பின் மேல் முன்கால் பதித்து இரண்டு நிமிஷம் நில்லுங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும், பணம் உங்களுடையது. தோல் ஷூ நாளாக ஆக இளகும். செயற்கைத் துணி அவ்வளவாக இளகாது. ஒவ்வொரு ஏற்றத்துக்கும் நடுவே கழற்றி மாட்ட வெல்க்ரோ பட்டைதான் சௌகரியம்.

பி.காம். படித்த பாவத்துக்குத் தேய்மானக் கணக்கும் சொல்லிவிடுகிறேன். புதிதாக ஏறுகிறவர் காலைத் தூக்கி வைப்பதில்லை, தேய்த்துத் தேய்த்துத்தான் வைக்கிறார். மெல்லிய ரப்பர் உள்ள விலை உயர்ந்த ஷூ சீக்கிரமே முனையில் ஓட்டையாகிவிடும். தடித்த ரப்பர், மலிவு விலை. அதுதான் லாபம். அதைவிட லாபம், முதல் தடவை வாடகை ஷூவில் ஏறிப் பார்ப்பது. மெத்தையோடு அதையும் வாடகைக்குத் தருகிறவர்கள் அங்கே உண்டு. ஷூவோடு மண்ணில் நடக்காதீர்கள். ஏறுமுன் அடியைத் துடைத்துக்கொள்ளுங்கள்.

கோயில், மண்டபம் இருக்கிற பாறைகளில் மட்டும் கை வைக்காதீர்கள். அது சரித்திரம், உங்கள் ஜிம் அல்ல.

பெங்களூரில் ராத்திரி ஹம்பி எக்ஸ்பிரஸ் பிடித்தால் காலையில் ஹோசபேட்டை. மறுநாள் விடியற்காலையில் ஏறுங்கள். பத்து மணிக்கு மேல் அந்தப் பாறையில் தோசை வார்க்கலாம்.