ஒன்று முதல் பத்து வரை

எங்கள் ஆரணி, இழைகளை எண்ணி வாழும் ஊர். ஒரு பட்டுச்சேலையின் பாவிலே ஆயிரக்கணக்கான இழைகள். ஒன்று அறுந்தாலும் நெசவாளரின் கண் கண்டுகொள்ளும். இவ்வூரில் பிறந்த எங்கள் பிள்ளைகள், எண்ணுவதைக் கொண்டே ஒரு சிறுமியைப் புண்படுத்தினர் என்று அறிந்தபோது நாங்கள் தலைகுனிந்தோம்.

அரிசி ஆலை வேலைக்காக ஒடிசாவிலிருந்து வந்த ஒரு குடும்பம் எங்கள் பங்குக் கோவிலுக்கு வருகிறது. மறைக்கல்வி வகுப்பில் மெழுகுதிரிகளை எண்ணும்படி சொன்னபோது, அக்குடும்பத்துச் சிறுமி, "ஏக, துயி, தினி, சாரி" என்றாளாம். எங்கள் மகனும் மகளும் அதைத் திருப்பிச் சொல்லி நகைத்தார்களாம். மறு ஞாயிறு அவள் வகுப்புக்கு வரவில்லை.

அதட்டினால் வாய் அடங்கும், உள்ளம் திருந்துமா? எங்களுக்கோ ஒடிய மொழி தெரியாது. ஆகவே தாத்தாவின் பழைய பெட்டியைத் திறந்தோம். மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகம் தமிழிலேயே அச்சிட்டு அனுப்பிய நூல்கள் அதில் இருந்தன. நியூ செஞ்சுரி புக் ஹவுசில் அவை மலிவாகக் கிடைத்தன. 1991-இல் சோவியத் ஒன்றியம் கலைந்தபின் அந்த வரவு நின்றது. அவற்றிடையே ருஷிய மொழி கற்பிக்கும் சிறு நூல் ஒன்றும் கிடந்தது.

"இன்று ருஷிய மொழியில் எண்ணுவோம்" என்றோம். அதீன், த்வா, த்ரி, சித்தீரி, ப்யாத்... நான்கிலேயே மகனுக்கு நாப் புரண்டது, மகள் சிரித்தாள். ஐந்தில் அவள் தடுமாற, அவன் சிரித்தான். அவள் கண் கலங்கியது. நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு வாரம் இரவுதோறும் எண்ணினோம். எண்களின் வழியே அம்மக்களின் வாழ்வும் தெரிந்தது. வாய்விட்டு எண்ணுகையில் அவர்கள் பெரும்பாலும் முதல் எண்ணை 'அதீன்' என்னாமல், 'ஒரு முறை' எனப் பொருள்படும் 'ராஸ்' என்பர். நம் களத்தில் நெல் அளப்போர் 'ஒன்று' என்னாமல் 'லாபம்' என்பதுபோல. பரிசாகத் தரும் மலர்கள் ஒற்றைப்படையில் இருக்கவேண்டும். இரட்டைப்படை மலர்கள் துக்க வீட்டுக்கே உரியவை. நாமும் மொய்யாக நூறு வைக்காமல் நூற்றொன்று வைக்கிறோமல்லவா? செவ்வாய்க்கு 'இரண்டாவது', வியாழனுக்கு 'நான்காவது', வெள்ளிக்கு 'ஐந்தாவது' என எண்களாலேயே பெயர். ஞாயிற்றுக்கோ, 'உயிர்ப்பு' என்று பெயர்! ஆலயங்களை மூடிய ஆட்சியிலும் அப்பெயர் மறையவில்லை.

ஆறாம் நாள் மகன் திடீரென நிமிர்ந்தான். "அப்பா! த்வா, துயி, த்ரி, தினி, சித்தீரி, சாரி! அவள் எண்ணியதும் இதற்கு உறவா?"

"ஆம், இரண்டும் ஒரே மொழிக் குடும்பம். நாம் திரித்துவம் என்கிறோமே, அதிலுள்ள 'திரி'யும் அவ்வினமே" என்றோம். அவன் நெடுநேரம் பேசவில்லை.

அந்த ஞாயிறு, திருப்பலி முடிந்ததும், இருவரும் தாமாகவே அச்சிறுமியின் வீட்டுக்குப் புறப்பட்டனர். நாங்கள் துணைக்குச் சென்றோம். மன்னிப்புக் கேட்டு, "எங்களுக்கும் எண்ணக் கற்றுக்கொடு" என்றனர். அவள் தாயின் முகத்தைப் பார்த்தாள். பிறகு மெல்லத் தொடங்கினாள். இவர்கள் தடுமாற, இம்முறை அவள் சிரித்தாள். கூடவே இவர்களும் சிரித்தனர்.

இப்போது அவள் வகுப்புக்குத் தவறாமல் வருகிறாள். எங்கள் பிள்ளைகளுக்கு அவள் மொழியில் பத்துவரை இன்னும் வரவில்லை, எட்டில் நிற்கிறார்கள்.