கரைச் சாலையும் மூன்று இலாகாக்களும்

நான் ஓய்வுபெற்றபோது நடந்த பாராட்டுக் கூட்டத்தில், என்பால் மிகுந்த பிரியமுள்ள இளம் பொறியாளர் ஒருவர், "ஐயா ஆயுள் முழுவதும் பள்ளம் அடைத்தவர்" என்று பேசி, அதைப் புகழ்ச்சியென்றே நம்பி அமர்ந்தார். அவர்மீது எனக்குக் கோபமில்லை. ஆயினும் பள்ளம் விழுந்தபின் வந்து நிற்பதே சாலை ஆய்வாளனின் வேலை என்றாகிவிட்ட காலத்தில் அவர் உத்தியோகத்துக்கு வந்தார் என்பதையும், பள்ளம் விழாமலே காத்த வேலையை எம்-புக் என்னும் அளவுப் புத்தகத்தில் ஏற்ற ஓர் உருப்படியும் இல்லை என்பதையும் நினைக்கையில், சில விஷயங்களைச் சொல்லாதிருக்க முடியவில்லை.

காவிரிப் பாசனப் பகுதியில் ஆற்றங்கரைமேலும் வாய்க்கால் கரைமேலும் செல்லும் சாலைகள் அநேகம். கிராமக் கணக்கில் அவை ஆற்றுப் புறம்போக்கு, அல்லது வாய்க்கால் புறம்போக்கு. சாலைக்கென்று தனிப் புல எண் இராது. 1994-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டமோ, நெடுஞ்சாலை என்றும் ஒன்றியச் சாலை என்றும் வகைப்படுத்தப்பட்டவை நீங்கலாகக் கிராமத்துப் பொதுச்சாலைகள் யாவும் கிராம ஊராட்சியைச் சேரும் என்கிறது. ஆகவே கரை பாசன இலாகாவுடையது, அதன்மேல் நடக்கும் பாதை ஊராட்சியுடையது, போட்ட தார் ஒன்றியத்துடையது என்று ஒரே மண்ணுக்கு மூன்று அதிபதிகள். கரையிலுள்ள புளியமரங்களை ஏலம் விடும் தினத்தில் மூவரும் உரிமை பேசுவார்கள். மழைவெட்டு விழுந்த தினத்தில் மூவரும் அடுத்தவர் கோப்பைச் சுட்டுவார்கள்.

என் எல்லையில் ஒரு மதகு இருந்தது. மதகின் கட்டடம் பாசன இலாகாவின் சொத்தாகையால் எங்கள் மதிப்பீடு அதன் கைப்பிடிச் சுவருக்கு முன்பே நின்றுவிடும். சுவருக்குப் பின்னால் நிரப்பிய மண் வருஷந்தோறும் அமுங்க, வண்டிகள் அங்கே ஒரு குதி குதித்து இறங்கும். மேலே எத்தனை ஜல்லி போட்டாலும் மறு மழைக்குள் பழைய நிலைதான். எனக்கு இந்தத் தொழிலைக் கற்பித்த முதிய மேஸ்திரி, பள்ளத்தை விட்டுவிட்டுக் கரைச் சரிவில் இறங்கி, நண்டு வளைகளைக் கடப்பாரையால் குத்திப் பார்த்து, நீர் எங்கே நுழைகிறது என்று முதலில் நிர்ணயம் செய்துகொண்டார். சரிவைப் படிப்படியாக வெட்டி, மண்ணை அரை அடிக்குமேல் ஒருபோதும் கொட்டாமல், ஈரம் காட்டித் திமிசு போட்டு, படிமேல் படியாக ஏற்றிக்கொண்டு வரவேண்டும் என்பதும், பெர்ம் என்னும் சாலையோர மண்விளிம்பின் வாட்டம் வாய்க்காலுக்கு எதிர்ப்புறமாகவே இருக்கவேண்டும் என்பதும், வழியும் நீருக்கு ஓரிடத்தில் கல் பாவிய தாரை அமைத்துவிட்டால் மற்ற இடங்களில் கரை அறுபடாது என்பதும் அவர் சித்தாந்தம். கொட்டும் மழையில் கோணிச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு சாலையில் நடப்பார். நீர் தேங்கிய இடங்களில் ஒரு செங்கல்லை வைத்துவிட்டு வருவார். வெயில் வந்ததும் மண்வெட்டியோடு அந்தச் செங்கற்களைத் தேடிப் போவோம். அவர் செய்த அந்தச் சரிவு நெடுநாள் அசையவில்லை.

ஆனால் கரையில் மண்வெட்டி வைக்கப் பாசன இலாகாவின் கரைக் காவலரான லஸ்கர் சம்மதிக்கவேண்டும். மேட்டூர் அணையை ஜூன் 12 திறந்து ஜனவரி 28 அடைப்பது சம்பிரதாயம். தண்ணீர் ஓடுகையில் கரையைத் தோண்டலாகாது என்பது நியாயமே. ஆக எங்களுக்குக் கிடைப்பது பிப்ரவரி முதல் மே வரை. அதன் நடுவில் மார்ச் 31 வந்து நிதியாண்டைத் துண்டித்துவிடும். புது வருஷத்து ஒதுக்கீடு கோப்புகளைக் கடந்து எங்களிடம் வந்து சேரும்போது வாய்க்காலில் தண்ணீர் வந்திருக்கும். இந்தக் கால முரண் மூன்று இலாகாக்களின் சச்சரவைக் காட்டிலும் அதிகமான சாலைகளைக் கெடுத்திருக்கிறது என்பது என் திடமான அபிப்பிராயம்.

இப்போது செய்கிறவர்கள் இவ்வளவையும் ஒரு தார்த் தளத்தில் தீர்த்துவிடுகிறார்கள். பழைய தளத்தைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டுச் சாலை உயர, பெர்ம் தாழ்ந்து, விளிம்பு உடைந்து, இருசக்கர வண்டிக்காரர் சறுக்கி விழுகிறார். மண்வெட்டிக்காரர் இருந்த இடத்தில் ஒப்பந்தக்காரர் இருக்கிறார். அவருக்கு மழையில் நடக்க என்ன அவசியம்? நெடுஞ்சாலைத் துறையில் 2002-இல் ஏறத்தாழ 10,000 சாலைப் பணியாளர்களை ஓர் உத்தரவில் நீக்கினார்கள். 2006-இல் அவர்கள் திரும்ப எடுத்துக்கொள்ளப்பட்டார்கள். இடையில் போன மழைக்காலங்களை யார் திருப்பித் தருவது?

அந்த மதகருகே மறுபடியும் மண் அமுங்கவே, சரிவைப் படிவெட்டி நிரப்ப அனுமதி கோரி, ஓய்வுபெறுவதற்குச் சில மாதங்களுக்கு முன் ஒரு கடிதம் அனுப்பினேன். என் இடத்துக்கு வந்தவர் பதிலைக் கொண்டுவந்து காட்டினார். சாலையின் புல எண்ணைக் குறிப்பிட்டு மீண்டும் விண்ணப்பிக்கும்படி அதில் கண்டிருந்தது.