பாலை யாரும் பூசக்கூடாது

ஈப்போவில் ஒரு கூட்டுக் கண்காட்சி. என் பால்மரப் படத்துக்கு முன் நின்ற இளைஞர், "மாஸ்கிங் போட்டீங்களா சார்?" என்றார். இல்லை என்றேன். "அப்புறம் எதுக்கு இவ்வளவு மெனக்கெடுறீங்க?" என்று கேட்டுவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டார். நின்றிருந்தால் இதைச் சொல்லியிருப்பேன்.

நீர்வண்ணத்தில் வெள்ளை என்றால் தாள்தான். ரப்பர் மரத்தில் இறங்கும் பாலை நான் தீட்டுவதில்லை. பாலை விட்டுவிட்டுப் பட்டையைத் தீட்டுகிறேன். 300 கிராம் கோல்ட் பிரஸ் தாள், ரா அம்பர், கொஞ்சம் பெய்ன்ஸ் கிரே. முதல் வாஷ் அரை ஈரமாக இருக்கும்போதே பட்டையில் வெட்டிய கோட்டின் ஓரத்தை முடித்தாக வேண்டும். கோட்டில் பால் ஒரே கனத்தில் ஓடாது. ஓரிடத்தில் இழையாகும், ஓரிடத்தில் வழிந்து பட்டையில் இறங்கும், பால் சேரும் மங்குக்கு மேலே செருகிய தகரத்தில் திரண்டு நிற்கும். இது எனக்குக் கைவர வருஷக்கணக்காயிற்று. கிழித்த தாள்களுக்குக் கணக்கில்லை.

வெள்ளை விட வேண்டிய இடத்தில் வண்ணம் படாமல் பூசும் மாஸ்கிங் திரவம் என்பதும் ரப்பர் பால்தான். உறையாமலிருக்க அம்மோனியா கலந்து புட்டியில் அடைத்து விற்கிறார்கள். எங்கள் ரப்பர் தோட்டத்து ஸ்டோரில் அடித்த அதே நெடி! அதைப் பூசி உரித்தால் ஓரம் கத்தரித்த காகிதம் மாதிரி விறைத்து நிற்கும். நம் வெக்கையில் நாள்பட விட்டால் தாளையும் பிய்த்துக்கொண்டு வரும்.

இதைவிடக் கொடுமை புரொஜெக்டர். போட்டோவைத் தாள்மேல் விழவைத்துப் பென்சிலால் இழுத்துவிடுகிறார்கள். படம் இடவலமாகத் திரும்பியிருந்தாலும் தெரிவதில்லை. வெட்டுக்கோடு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் சரிய வேண்டும். பட்டைக்குள் பால் குழாய்கள் சற்று வலப்பக்கம் சாய்ந்தே மேலேறுகின்றன. அப்படி வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபடும். பால் வெட்டிய என் அம்மாவுக்கு இந்தக் காரணம் தெரியாது, கைக்குத் தெரியும். கண்காட்சிகளில் இடவலம் மாறிய கோட்டோடு தொங்கும் படங்களைப் பார்த்தால் அவர் சிரித்திருப்பார்.

இப்படி வரைகிற நான் ஆசிரியராக இருந்தவன்; அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சுங்கை சிப்புட் வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளில் ஓவியம் அட்டவணையில் இருந்தது. ஆறாம் ஆண்டு யூ.பி.எஸ்.ஆர். தேர்வு நெருங்கினால் அந்த நேரத்தில் கணிதம் வந்து உட்கார்ந்துகொள்ளும். எனக்கு விளையாட்டுப் போட்டி பேனர் எழுதும் வேலை. 2021-இல் அந்தத் தேர்வையே எடுத்துவிட்டார்கள். அதற்கு முன்பே நான் விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டேன். "பென்ஷன் இருக்கு, பொழுதுபோக்கா வரையிறார்" என்று உறவினர்கள் பேசிக்கொள்கிறார்கள். ஈப்போவில் 1929-இல் பிறந்த ஓவியர் இயோ ஜின் லெங் ஆசிரியர்களுக்கே ஓவியம் சொல்லிக் கொடுத்தவர். அழகன்குளத்தில் பிறந்து சென்னை ஓவியக் கல்லூரியில் படித்த ஓவியர் சையத் தாஜுதீனும் மலேசியாவில் விரிவுரையாளராக இருந்தவர்தான். அவர்கள் படங்களைப் பொழுதுபோக்கு என்று யாராவது சொல்வார்களா?

தோட்டங்கள் பலவும் செம்பனையாகிவிட்டன, மாதிரிக்கு மரம் எங்கே என்று இளையவர்கள் கேட்கிறார்கள். 1877-இல் வந்த ரப்பர் கன்றுகளில் ஒன்று கோலகங்சாரில் இன்றும் மரமாக நிற்கிறது. பட்டையைப் படிக்க அது போதும். கோட்டைப் படிக்கச் சிறுதோட்டக்காரர் எவரையாவது கேட்டு விடியலில் கூடப் போகலாம்.

படம் வாங்குகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: பால்மரப் படத்துக்குக் காசு கொடுக்குமுன் கோடு எந்தப் பக்கம் சரிகிறது என்று பாருங்கள்.