அயல் வீட்டு வேதம்

யாழ்ப்பாணத்துக் கிராமங்களிற் கிறிஸ்தவர்களை ‘வேதக்காரர்’ என்று அழைப்பது நெடுநாள் வழக்கு. சைவர்களாகிய எமக்கோ நான்கு வேதங்கள் உண்டு. அவற்றை எம்முட் பெரும்பாலோர் கண்ணாற் கண்டதும் இல்லை. ஆயினும், ஒரே ஒரு நூலைத் துணியிற் சுற்றிக் கையிலே கொண்டு போனவர்களுக்கு அந்தப் பெயரை விட்டுக் கொடுத்து விட்டோம். அச்சொல்லில் ஏளனமும் இருந்தது, மதிப்பும் இருந்தது. எம் பாட்டியார் அதை உச்சரிக்கும்போது இரண்டும் ஒருங்கே தொனிக்கும்.

கிறிஸ்தவ சமயத்தின் கோட்பாடுகளை ஆராய்வது எம் நோக்கமன்று. அதற்கு வேண்டிய கல்வி எமக்கில்லை, உரிமையும் இல்லை. ஒருவருடைய சமயம் வேலிக்கு அப்பால் நிற்கும் அயலவர் கண்ணுக்கு எவ்வாறு புலப்படுகின்றது என்பதே எமது விசாரம். ஒருவர் கடவுளைப்பற்றி என்ன நம்புகின்றார் என்பதை அயலவர் அறியார். ஆனால் அவர் கடையிலே கடன் சொல்லுகின்றாரா, கூலிக்கு வந்தவருக்குத் தேநீர் எந்தப் பேணியிற் போகின்றது, வேலி அடைக்கும்போது கதியாலை எந்தப் பக்கமாகச் சரித்து நடுகின்றார் என்பனவெல்லாம் அயலவருக்கு மனப்பாடம்.

எமது இளம்பராயத்தில் எங்கள் ஒழுங்கையிலே ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் தனியே வாழ்ந்தார். தென்னிந்திய திருச்சபையைச் சேர்ந்தவர். ஊரார் அவரை ‘ரீச்சரம்மா’ என்பர். அவர் அடுக்களையின் மூலையிலே ஒரு சிறு மண்பானை இருந்தது. உலைக்கு அரிசி களைவதற்கு முன் ஒரு பிடி அள்ளி அந்தப் பானையிற் போடுவார். காலையிலும் போடுவார், சமைத்தால் இரவிலும் போடுவார். மாத முடிவில் அந்த அரிசி வேதக்கோயிலுக்குப் போகும். அங்கிருந்து இல்லாதவர் வீட்டுக்குப் போகும். “அளந்த அரிசியை ஏன் திருப்பிப் போடுறியள்?” என்று நாம் ஒருநாட் கேட்டோம். “அது எங்கட அரிசி இல்லை, மோனை” என்றார். அவ்வளவுதான், ஒரு பிரசங்கமும் செய்தாரல்லர். இதனைப் பாட்டியாரிடம் சொன்னபோது, எங்கள் ஊர்ச் சைவப் பள்ளிக்கூடமும் பிடியரிசி தண்டியே எழுந்தது என்பதை அவர் நினைவூட்டத் தவறவில்லை. சமயப் போட்டியிற் பாட்டியார் ஓர் அங்குலமும் விட்டுக் கொடுப்பவரல்லர்.

பின்னர் 1990ஆம் ஆண்டுக்குப் பிந்திய பொருளாதாரத் தடைக் காலம் வந்தது. மண்ணெண்ணெய் குதிரைக்கொம்பாயிற்று. ஜாம் போத்தலுக்குள்ளே பஞ்சை வைத்துச் சொட்டெண்ணெயில் எரித்த விளக்கொளியிலே நாம் படித்தோம். அரிசிக்குச் சங்கக்கடை வாசலில் வரிசை நின்றது. அக்காலத்தில் ஒருநாள் ரீச்சரம்மாவின் அடுக்களைக்கு எதற்கோ போக நேர்ந்தது. அவர் அரிசியை அள்ளுகின்றார். விரல்களை இறுக மூடாமல், நாலு விரலால் மாத்திரம் கிள்ளினாற் போல எடுத்துப் பானையிற் போடுகின்றார். பிடி சிறுத்திருந்ததேயன்றி நிற்கவில்லை. வேதக்காரரைப்பற்றி யாராவது எம்மிடம் பேசினால், எமக்கு முதலில் நினைவுக்கு வருவது சிலுவையன்று. அந்த நாலு விரல்.

வரலாற்றிலும் இத்தகையவர் ஒருவர் எம் குடாநாட்டில் வாழ்ந்தார். மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1822ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்திலே பிறந்தவர். 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயிலே மருத்துவப் பணி புரிந்தவர். எமது ஆறுமுக நாவலரும் பிறந்தது அதே 1822ஆம் ஆண்டிலேதான். மிசனரிமாரின் மதமாற்ற முயற்சியை நாவலர் எதிர்த்தார்; எதிர்த்தது தகும் என்றே நாம் கருதுகின்றோம். அந்த நாவலரே பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலியத்தைத் தமிழாக்கத் துணை நின்றார் என்பதும், நாவலர் எதிர்த்த அணியைச் சேர்ந்த கிறீனே தமிழுக்கு மருத்துவ நூல்களை ஆக்கித் தந்தார் என்பதும் வரலாற்றின் விளையாட்டு.

கிறீனும் மதம் பரப்பும் நோக்கத்தோடேயே வந்தார். அதை மறைக்க வேண்டியதில்லை. எம்மைக் கவர்வது அவர் அன்றாடம் செய்த தெரிவு. வைத்தியத்தை ஆங்கிலத்திலே கற்பிப்பது அவருக்கு எளிது, தாய்மொழி அதுவே, நூல்களும் ஆயத்தமாக இருந்தன, மாணவரும் ஆங்கிலத்தையே விரும்பினர், ஏனெனில் ஆங்கிலம் அறிந்தவனுக்கு அரசாங்க உத்தியோகம் காத்திருந்தது. இவரோ தாம் தமிழ் கற்று, தமிழிலே வைத்தியம் கற்பித்தார். அறுபதுக்கு மேற்பட்ட தமிழ் வைத்தியர்களை உருவாக்கினார். ‘இரணவைத்தியம்’ 1867இல் வெளிவந்தது. ‘கெமிஸ்தம்’ என்னும் இரசாயன நூல் 1875இல் வெளிவந்தது. அந்தப் பெயரை வகுப்பிலே சொன்னால் இன்றைய மாணவர் சிரிக்கின்றனர். நாமும் அவர்களோடு சேர்ந்து சிரிப்பதுண்டு. ஆனால் கலைச்சொல் ஒன்றுமே இல்லாத துறையில் முதற் சொல்லை இடுபவன் படும் பாட்டை எண்ணினாற் சிரிப்பு அடங்கிவிடும்.

தம் மாணவர் மேல்நாட்டு உடைக்கும் நடைக்கும் மாறுவதை அவர் விரும்பவில்லை. படித்து முடித்தவன் தன் ஊருக்குத் திரும்பித் தன் மக்களின் திண்ணையில் அமர்ந்து அவர்கள் மொழியிலே நோய் கேட்க வேண்டும் என்பது அவர் எண்ணம். நோயாளிக்குத் தன் நோயைத் தன் மொழியிற் சொல்லும் உரிமை உண்டு என்று நினைப்பது ஒரு மனப்பான்மை. அந்த மனப்பான்மை அவருக்கு அவருடைய வேதத்திலிருந்து வந்ததென்றால், அந்த வேதத்துக்கு நாம் வணக்கம் செலுத்தத் தயங்கோம். கிறீன் 1873இல் நாடு திரும்பினார், 1884இல் மறைந்தார். அவருடைய கல்லறையில், தமிழருக்கு மருத்துவ ஊழியராக இருந்தவர் என்ற பொருள்படவே எழுதியிருக்கின்றது.

இவ்வளவும் சொன்ன நாம் மறுபக்கத்தையும் சொல்லாதிருத்தல் நேர்மையன்று. பிடியரிசிப் பானை இருந்த சில அடுக்களைகளிலேயே கூலியாளுக்கு வேறு பேணியும் இருந்தது. பாடசாலைகளிற் சம ஆசனம் என்ற விதி வந்த 1930ஆம் ஆண்டையொட்டிய காலத்தில், எல்லாப் பிள்ளைகளையும் ஒரே வாங்கில் இருத்தியமைக்காகப் பள்ளிக்கூடங்கள் எரிக்கப்பட்டது இந்தக் குடாநாட்டிலேதான். சாதி என்று வந்தவிடத்துச் சிலுவை அணிந்தவரும் திருநீறு பூசியவரும் ஒரே பந்தியிலேதான் இருந்தார்கள். சீதனச் சந்தையிலும் அவ்வாறே. 1927ஆம் ஆண்டு நவம்பரில் இலங்கைக்கு வந்த காந்தியடிகள் இயேசுவின் மலைப்பொழிவைப் போற்றிப் பேசினார். அதே மூச்சில், கிறிஸ்தவம் என்று வழங்கும் பலவற்றுக்கும் அந்தப் பொழிவுக்கும் உள்ள தூரத்தையும் சுட்டிக்காட்டினார். சைவம் என்று வழங்கும் பலவற்றுக்கும் திருமுறைகளுக்கும் உள்ள தூரமும் அதற்குக் குறைந்ததன்று.

இனி, எம்மோடு படிப்பிக்கும் ஒருவரைப்பற்றி எழுத விரும்புகின்றோம். பெயரைக் குறித்தால் அவர் எம்முடன் ஒரு கிழமைக்குப் பேசமாட்டார். ஆதலாற் கணித ஆசிரியர் என்று மாத்திரம் சொல்லி அமைகின்றோம். எமது கல்லூரி சைவக் கல்லூரி. நவராத்திரியிலே வாணி விழாவுக்கு வாங்குகள் சுமந்து மண்டபத்தை ஒழுங்கு செய்பவர் அவரே. பூசை நடக்கும்போது பின்வரிசையிலே கைகட்டி நிற்பார். திருநீறு பூசமாட்டார், அதற்காக எவரும் மனங்கோணியதில்லை. மாணவரிடம் தம் சமயத்தைப்பற்றி ஒரு வார்த்தை பேசி நாம் கேட்டதுமில்லை.

இக்காலத்திற் கணித ஆசிரியர் என்றால் அவருடைய செல்வம் கல்லூரிச் சம்பளத்தில் இல்லை, தனியார் வகுப்பிலே இருக்கின்றது என்பதை வாசகர் அறிவர். ஞாயிறு காலைதான் அதற்குப் பொன்னான வேளை. அவர் ஞாயிறு காலையிற் படிப்பிப்பதில்லை. உயர்தரப் பரீட்சை நெருங்கும்போது பெற்றோர் வந்து மன்றாடுவர். இரட்டிப்புக் கட்டணமும் பேசுவர். அவர் சனி இரவிலே வேண்டுமானால் மேலதிகமாக ஒரு மணி நேரம் வைத்துக் கொடுப்பார், அதற்குப் பணம் வாங்காமல். அவர் வீட்டு மேல்மாடி பல ஆண்டுகளாகக் கம்பி நீட்டிக்கொண்டு நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இது அவரை மாத்திரம் வருத்திய தெரிவு. அவருடைய உறவினரையும் வருத்திய இன்னொன்று உண்டு. அவர் வீடு பேர்பெற்ற ஒரு பாடசாலைக்கு அண்மையில் இருக்கின்றது. அவர் தங்கையார் தூரத்துக் கிராமம் ஒன்றில் வாழ்பவர். தம் பிள்ளையை அப்பாடசாலையில் முதலாந் தரத்திற் சேர்க்க விரும்பினார். அதற்கு வதிவிடச் சான்று வேண்டும். அண்ணன் வீட்டிலேயே குடியிருப்பதாக ஒரு கடிதம் போதும். ஊரிலே பாதிப்பேர் செய்வதுதான். நேர்முகப் பரீட்சைக் குழுக்களில் இருந்த அனுபவம் எமக்கும் உண்டு. இரண்டு அறைகள் உள்ள வீட்டில் ஐந்து குடும்பங்கள் வசிப்பதாக நிறுவும் மின்சாரப் பட்டியல்களை நாம் கண்டிருக்கின்றோம். அவர் மறுத்துவிட்டார். “அந்த இடம் இங்கை இருக்கிற ஒரு பிள்ளையின்ர இடம். அந்தப் பிள்ளையை நான் காணவில்லை எண்டதுக்காக அது இல்லாமற் போகாது, சேர்” என்றார் எம்மிடம்.

தங்கையார் இரண்டு ஆண்டுகள் அவர் வீட்டுப் படலை திறக்கவில்லை. தாயார் மகள் பக்கம் நின்றார். எமக்கும் அது சற்றுக் கடுமையாகவே தோன்றிற்று. இன்றும் முற்றாக உடன்பட மனம் ஒப்பவில்லை. எல்லாரும் ஏறி ஓடும் பாதையில் ஒரு குழந்தையை மட்டும் இறக்கி நடக்கவிடுவது நீதியா என்று அவரோடு வாதித்திருக்கின்றோம். அவர் வாதத்திலே வல்லவரல்லர். ஆனால் அந்த இரண்டு ஆண்டுகளும் சனிக்கிழமை தோறும் பேருந்தேறித் தங்கையின் ஊருக்குப் போய், வீட்டுக்குள் அழைக்கப்படாமலே, முற்றத்து மாமரத்தின் கீழ் அந்தப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தார் என்பதை நாம் அறிவோம். பிள்ளை இப்போதும் அந்தக் கிராமத்துப் பாடசாலையிலேயே படிக்கின்றது.

2019ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பு கொச்சிக்கடையிலும் நீர்கொழும்பு கட்டுவப்பிட்டியிலும் மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்திலும் குண்டுகள் வெடித்தன. ஹோட்டல்களில் இறந்தவர்களையும் சேர்த்து 250க்கு மேற்பட்டோர் மாண்டனர். மட்டக்களப்பில் இறந்தவர்களிற் பலர் சிறுவர்கள். எம் நண்பரின் துணைவியார் மட்டக்களப்பைச் சேர்ந்தவர். இருவரும் அங்குள்ள துக்க வீடுகளுக்குச் சென்று திரும்பினார்கள்.

எங்கள் பட்டினத்திலே முஸ்லிம் தையற்காரர் ஒருவர் கடை வைத்திருக்கின்றார். 1990ஆம் ஆண்டு ஒக்ரோபரில் வடக்கிலிருந்த முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, சிறுவனாகத் தந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு போனவர். போர் முடிந்த பின் திரும்பி வந்து அதே தெருவிலே கடை திறந்தவர். அந்த ஏப்ரல் மாத இறுதியில் அவர் கடைக்கு முன்னால் ஒருவரும் நிற்பதில்லை. பாடசாலைகள் திறப்பதும் பிற்போடப்பட்டிருந்தது. சீருடை தைக்கும் வேலையும் இல்லை. தெருவிலே செல்வோர் அப்பக்கம் பாராமற் போயினர். சிலர் பார்த்தனர், அது அதனினும் கொடிது.

அவ்வேளையில் ஒருநாள் மாலை, கடை வாசலில் உள்ள வாங்கிலே, தெருவுக்கு முகம் காட்டி எம் நண்பர் அமர்ந்திருக்கக் கண்டோம். மடியிலே பழைய சேட்டு ஒன்று. தையற்காரர் உள்ளே ஊசி கோத்துக்கொண்டிருந்தார். அரைமணி நேரங் கழித்து நாம் திரும்பி வரும்போதும் நண்பர் அங்கேயே இருந்தார். மறுநாள் ஆசிரியர் அறையிலே அதுபற்றிக் கேட்டோம். “சேட்டிலை ரண்டு பொத்தான் கழண்டுபோச்சு, சேர். அதுதான்” என்றார். பொத்தான் தைக்க அவர் வீட்டில் ஊசி இல்லாமலில்லை. தையற்காரர் காசு வாங்க மறுத்ததாகவும், நண்பர் கண்டிப்பாகக் கொடுத்து மிச்சச் சில்லறையையும் எண்ணி வாங்கிக்கொண்டதாகவும் பின்னர் அறிந்தோம். இலவசமாகப் பெற்றுக்கொண்டால் அது வாடிக்கை ஆகாதல்லவா?

அவருடைய துணைவியாருக்கு அது இயலவில்லை. சேட்டு வீட்டுக்கு வந்தபோது அவர் அதைத் தொடவுமில்லையாம். அடக்கம் செய்யப்பட்ட பிள்ளைகளிற் சிலரை அவர் தூக்கி வளர்த்தவர். எம் நண்பர் அவரிடம் மன்னிப்பைப்பற்றி ஒன்றும் பேசவில்லை; தம்மைப் பார்த்து நடக்கும்படியும் கேட்கவில்லை. தாம் மட்டும் கிழிசலோ பொத்தானோ கிடைத்த போதெல்லாம் அக்கடைக்குப் போய் வந்தார்.

அவ்வாண்டு நத்தாருக்கு முன்னால், அந்த அம்மையார் தாமாகவே மகனை அழைத்துக்கொண்டு காற்சட்டைக்குத் துணியோடு வந்தார் என்று தையற்காரர் எம்மிடம் சொன்னார். அளவெடுத்து முடியும்வரை, பிள்ளை ஒரு வருடத்தில் எவ்வளவு வளர்ந்துவிட்டான் என்பதைத் தவிர வேறொன்றும் இருவரும் பேசவில்லையாம். மடிப்பிலே இரண்டு அங்குலம் கூட விட்டுத் தைக்கும்படி சொல்லிவிட்டுப் போனாராம்.