'ஸ்டர்டி' என்றொரு சொல்

ஆங்கிலத்தில் 'ஸ்டர்டி' என்றொரு பெயரடை உண்டு. திடகாத்திரமான, கட்டுறுதியான என்று தமிழில் சொல்லலாம். மேசைக்கும் பொருந்தும், காலணிக்கும் பொருந்தும், தத்தி நடக்கும் குழந்தையின் கால்களுக்கும் பொருந்தும். இவ்வளவு சாதுவான சொல்லின் பூர்வகதையை அறிந்தபின் அதை இயல்பாக எழுத எனக்குக் கை வருவதில்லை.

பழைய பிரெஞ்சில் இதன் மூலச்சொல்லுக்குக் கிறங்கிப்போன, நிதானமிழந்த என்று பொருள். ஆங்கிலத்துக்கு வந்தபோது முரட்டுத்தனமான, அடங்காத என்றாயிற்று. உடல்வலிமை பிறகுதான் சேர்ந்தது. இரு பொருளும் ஒட்டிக் கிடந்த காலத்தில், உழைக்கத் தெம்பிருந்தும் இரப்பவரை இங்கிலாந்தில் 'ஸ்டர்டி பெக்கர்' என்றார்கள். எட்டாம் ஹென்றியின் 1531ஆம் ஆண்டுச் சட்டம் அத்தகையோரை வண்டியின் பின்னால் கட்டி, குருதி வழியும்வரை சவுக்கால் அடிக்கச் சொன்னது. 1547ஆம் ஆண்டுச் சட்டமோ மார்பில் சூடு போட்டு இரண்டாண்டு அடிமையாக்கலாம் என்றது. சில ஆண்டுகளுக்குள் அது நீக்கப்பட்டது.

அடிபட்டவன் ஊர் திரும்பி உழைக்க வேண்டும் என்று 1531ஆம் ஆண்டுச் சட்டம் பணித்தது. வேலை எங்கே இருக்கிறது என்று சொல்லவில்லை. ஆட்டு மேய்ச்சலுக்காக நிலங்கள் வேலியிடப்பட்டு, உழுதவர் பலர் வீதிக்கு வந்திருந்த நூற்றாண்டு அது. நல்ல உடம்பே அவர்களுக்கு எதிரான சாட்சியமாயிற்று.

'கை கால் நன்றாகத்தானே இருக்கிறது, உழைத்துச் சாப்பிடக் கூடாதா?' என்று கையேந்தி நிற்பவரிடம் நாமும் கேட்கிறோம். உடம்பைப் பார்த்தே ஒருவரின் கதையை முடித்துவிடும் அக்கேள்வியில் அந்தப் பழைய பொருள் இன்னும் சாகாமல் இருக்கிறது.