நிரம்பி வழிந்த பதிவேடு



செனாவாங் வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்த மூத்தோர் 'செக்ரோல்' என்னும் ஏட்டை அறிவர். விடியற்காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டு, வேலைக்கு வந்தோரைக் கிராணியார் அதில் குறிப்பார். மாதம் முடிந்ததும் அவ்வேடு மூடப்பட்டு அலமாரிக்குப் போகும். புதிய ஏடு திறக்கப்படும். சம்பளத்தில் ஐயம் எழுந்தால் பழைய ஏடு மீண்டும் வெளியே வரும். இந்த எளிய ஒழுங்கைக் கணினியில் கடைப்பிடிக்காமல், நான் ஒரு மாணவிக்கு இழைத்த தவற்றை இங்கே எழுதுகிறேன்.

பள்ளிக் கணினிக் கூடத்தில், லினக்ஸ் இயங்கும் பழைய கணினி ஒன்றில், பயிற்சி வினாக்களுக்கான மென்பொருளை நிறுவியிருந்தேன். மாணவர் உள்நுழைவது, விடை அனுப்புவது, பிழை நேர்வது எல்லாம் வரிவரியாக ஒரு பதிவுக் கோப்பில் ஏறும். இதனை 'லாக்' என்பர். ஒருநாள் காலை மென்பொருள் இயங்கவில்லை. வட்டில் சிறிதும் இடமில்லை. அந்த ஒரே கோப்பு 31 கிகாபைட்டாக வளர்ந்திருந்தது. நிறுவிய நாளில் சோதனைக்காக முடுக்கிவிட்ட நுணுக்கப் பதிவை நான் அணைக்க மறந்ததே காரணம்.

மாணவர்கள் காத்திருந்தனர். கோப்பை அழித்தேன். அப்போதும் இடம் கிடைக்கவில்லை. ஒரு மென்பொருள் திறந்து வைத்திருக்கும் கோப்பை அழித்தாலும், அம்மென்பொருள் அதனை விடும்வரை லினக்ஸ் அவ்விடத்தை விடுவிப்பதில்லை. மென்பொருளை நிறுத்தி மீண்டும் இயக்கினேன். எல்லாம் சரியாயிற்று என்று மகிழ்ந்தேன்.

மறுவாரம் புள்ளிப் பட்டியலில், ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தியின் பெயருக்கு நேரே வெற்றிடம். "அனுப்பினேன் ஐயா" என்றாள். நான் நம்பாமல் வகுப்பின் முன்னிலையில் கடிந்துகொண்டேன். மறுநாள் அவள் தந்தை, செனாவாங் தொழிற்பேட்டையில் இரவு வேலை முடித்து, சீருடையோடு வந்தார். "சார், கம்ப்யூட்டர்ல பதிஞ்சிருக்கும்னு பிள்ளை சொல்லுது. கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க" என்றார். அவள் பயிற்சி செய்தது வட்டு நிரம்பிய நாளுக்கு முந்திய மாலை. உண்மையைச் சொல்லியிருக்கக்கூடிய வரிகள் நான் அழித்த கோப்பில் இருந்தன. வகுப்பின் முன்னிலையிலேயே அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

அன்றிரவே 'லாக்ரொட்டேட்' என்னும் லினக்ஸ் கருவியை அமைத்தேன். அதற்கு நான் இட்ட கட்டளைகள்:

1. 'வீக்லி': வாரம் ஒருமுறை ஏட்டை மாற்று.
2. 'ரொட்டேட் 26': பழைய ஏடுகள் 26ஐ வைத்திரு, அவற்றினும் மூத்ததை அழி.
3. 'கம்பிரஸ்': பழையவற்றைச் சுருக்கி வை.
4. 'காப்பிட்ரன்கேட்': மென்பொருளை நிறுத்தாமல், கோப்பைப் படியெடுத்தபின் மூலத்தை வெறுமையாக்கு. (இடைப்பட்ட கணத்தில் ஓரிரு வரிகள் தவறக்கூடும்.)

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 26 என்பது ஏடுகளின் எண்ணிக்கையே, வாரங்களின் எண்ணிக்கையன்று. 'மேக்ஸ்சைஸ்' என அளவு வரம்பையும் சேர்த்தால், கோப்பு விரைந்து பெருகும் காலத்தில் நாள்தோறும் ஏடு மாறும். அரையாண்டுக்கென எண்ணியது 26 நாளில் தீர்ந்துவிடும். ஆகவே முதலில் நுணுக்கப் பதிவை அணைத்தேன்.

அரையாண்டு ஏன்? புள்ளி வெளியானபின் பெற்றோர் வந்து கேட்க அக்காலம் போதும். என்றென்றும் வைத்திருப்பதும் முறையன்று; அதில் பிள்ளைகளின் பெயரும் நேரமும் உள்ளன. மலேசியாவின் 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிக நடவடிக்கைகளுக்கானது. ஆயினும், தேவை முடிந்த தரவை வைத்திருக்கலாகாது என்னும் அதன் நெறி நமக்கும் நன்று.

எதை எவ்வளவு காலம் காப்பது என்பதைக் கிராணியார் அமைதியாக இருக்கும்போதே முடிவு செய்திருந்தார். நானோ வகுப்பு காத்திருந்த பரபரப்பில் முடிவு செய்தேன். உங்கள் பள்ளிக் கணினியில் அந்தக் கோப்பு எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று இன்றே பார்த்துவிடுங்கள்.