லாவெண்டர் எண்ணெய்: ஒரு சொட்டுக் கணக்கு



கடந்த இரண்டு மாதங்களில் ஏழெட்டுப் பேர் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டீர்கள். "டீச்சர், நீங்க வீட்லயே தலைக்கு எண்ணெய் காய்ச்சுவீங்களே, அதுல லாவெண்டர் எண்ணெய் சேக்கலாமா? முகத்துக்குப் போடலாமா? முடி வளருமா?" ஒவ்வொருவருக்கும் தனியாகத் தட்டச்சு செய்ய விரல் ஒத்துழைக்கவில்லை. மொத்தமாக இங்கேயே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான். என் வகுப்பில் 40 நிமிடம் உட்கார்ந்தவர்களுக்கு இது ஒன்றும் பெரிதல்ல.

நாம் தலைக்குத் தடவும் தேங்காய் எண்ணெயையும் இதையும் 'எண்ணெய்' என்று ஒரே பெயரில் சொல்கிறோம். பாதிக் குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. தேங்காய் எண்ணெய் கொழுப்பு. காகிதத்தில் ஒரு சொட்டு விட்டால் கறை அப்படியே நிற்கும். லாவெண்டர் எண்ணெய் கொழுப்பே இல்லை. பூவை நீராவியில் வேகவைத்து, அந்த ஆவியைக் குளிரவைத்து, மேலே மிதப்பதைப் பிரித்தெடுப்பது. காகிதத்தில் விட்டால் சில மணி நேரத்தில் பெரும்பாலும் ஆவியாகிப் போய்விடும். நம் வழக்கில் இதற்குச் சரியான சொல் 'தைலம்'. நீலகிரித் தைலம் என்கிறோமே, அந்த இனம். நீலகிரித் தைலத்தை உள்ளங்கையில் ஊற்றிக் குழந்தையின் உடம்பெல்லாம் தேய்க்க யாருக்காவது மனம் வருமா? லாவெண்டர் என்றதும் மட்டும் வருகிறது. வாசனை மென்மையாக இருப்பதால் பொருளும் மென்மையாக இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறோம்.

செடி மத்தியதரைக் கடல் பக்கத்தைச் சேர்ந்தது. நம் துளசி, புதினா குடும்பம்தான். பிரான்சின் தெற்கே புரோவான்ஸ், பல்கேரியா இவையெல்லாம் பேர் போன இடங்கள். நம் நாட்டில் காஷ்மீரிலும், ஜம்மு பக்கம் பதர்வா மலைப்பகுதியிலும் விளைகிறது. பதர்வாவில் மக்காச்சோளம் போட்டுக்கொண்டிருந்த விவசாயிகள் பலர், மத்திய அரசின் நறுமணப் பயிர்த் திட்டத்தில் நாற்று வாங்கி லாவெண்டருக்கு மாறி நன்றாக இருக்கிறார்கள். நூறு கிலோ பூவைக் காய்ச்சினால் ஏறக்குறைய ஒரு கிலோ தைலம் கிடைக்கும். சில சமயம் அதற்கும் குறைவு. அப்படியானால் நீங்கள் வாங்கும் 10 மில்லி பாட்டிலுக்குள் எவ்வளவு பூ இருக்கிறது என்று கணக்குப் போடுங்கள். ஒரு கிலோ பூ! அதை ஒரே தடவையில் முகத்தில் பூசிக்கொள்ள வேண்டுமா?

இந்தப் பதிவை எழுத வைத்தது என் பழைய மாணவி ஒருத்தி. அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன், பெயர் வேண்டாம் என்றாள். அவள் கணவருக்கு வேலை போய் ஒரு வருடம் ஆகிறது. வீட்டிலேயே கூந்தல் எண்ணெய் காய்ச்சி, அக்கம்பக்கத்தில் நாலைந்து பேருக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறாள். எல்லோரும் வாசனை நன்றாக இருக்கிறது என்றார்களாம். இனி பாட்டிலில் அடைத்து விற்கப் போகிறேன் என்று ஒரு பாட்டிலை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். "நம்ம பேட்ச் குரூப்புல நீங்க ஒரு வார்த்தை போட்டீங்கன்னா போதும் டீச்சர், எல்லாரும் வாங்குவாங்க."

பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன். அச்சடித்த ஒட்டுத்தாளில் நான்கு வரி. நூறு சதவீதம் இயற்கை. பக்க விளைவு இல்லை. பிறந்த குழந்தைக்கும் ஏற்றது. பதினைந்தே நாளில் முடி கொட்டுவது நிற்கும்.

எப்படிச் செய்கிறாய் என்று கேட்டேன். அரை லிட்டர் தேங்காய் எண்ணெயில் வெந்தயம், கறிவேப்பிலை போட்டுக் காய்ச்சி, சூட்டோடு லாவெண்டர் பாட்டில் இரண்டை அப்படியே கவிழ்ப்பாளாம். ஏன் இரண்டு என்றால், "ஒண்ணு ஊத்தினா வாசனை நிக்கலைங்க டீச்சர்." சூட்டோடு ஊற்றினால் எப்படி நிற்கும்? அடுப்படியிலேயே பாதி பறந்துவிடுமே!

ஒரு தாளை எடுத்துக் கொடுத்தேன். ஐந்தாம் வகுப்பில் சதவீதக் கணக்குக்கு அழுதவள் இவள். இன்றைக்குத் தானாகவே போட்டாள். 500 மில்லிக்கு 20 மில்லி, ஏறக்குறைய நான்கு சதவீதம். தோலிலும் தலையிலும் பூசி அப்படியே விடுகிற எண்ணெய்க்கு ஒரு சதவீதமே தாராளம். பெரியவர்களுக்கு உடம்பில் தேய்க்க, மிஞ்சிப் போனால் இரண்டு. நான்கு சதவீதத்தைப் பிறந்த குழந்தைக்கும் ஏற்றது என்று எழுதி விற்கப் போகிறாள்.

"இயற்கைதானேங்க டீச்சர்" என்றாள். அதற்கு என் தங்கை கதையைச் சொன்னேன்.

என் தங்கைக்குத் தலைவலி வந்தால் லாவெண்டர் தைலத்தைக் கலக்காமல் நெற்றிப்பொட்டில் தடவுகிற பழக்கம். மூன்று வருடத்துக்கு முன் வாங்கிய பாட்டில், ஜன்னல் ஓரத்தில் வெயிலில் இருந்தது. மாதக்கணக்கில் தடவினாள், ஒன்றும் ஆகவில்லை. திடீரென்று ஒருநாள் நெற்றி சிவந்து, அரித்து, கண் இமை வரை வீங்கிவிட்டது. தோல் மருத்துவர் முதுகில் சின்னச் சின்ன ஒட்டுகள் போட்டுப் பரிசோதித்து, லினலூல் ஒவ்வாமை என்றார். லாவெண்டரில் இருக்கும் முக்கியமான இரண்டு பொருள்களில் லினலூல் ஒன்று. அது புதிதாக இருக்கும்போது பெரிதாகத் தொல்லை தருவதில்லை. காற்றுப் பட்டுப் பட்டு ஆக்சிஜனோடு சேர்ந்து வேறு பொருளாக மாறும்போதுதான் தோலை உறுத்தும். வெட்டிய ஆப்பிள் கறுப்பதைப் போலக் கண்ணுக்குத் தெரிந்தால் தேவலை. இது தெரியாது.

ஒருமுறை இப்படி ஒவ்வாமை வந்துவிட்டால் உடம்பு அதை மறப்பதில்லை. லினலூல் லாவெண்டரில் மட்டுமா இருக்கிறது? வாசனைச் சோப்பு, ஷாம்பு, பவுடர், துணிக்குப் போடும் திரவம் என்று பாதிக் கடையில் இருக்கிறது. இப்போது என் தங்கை எந்தச் சோப்பு வாங்கினாலும் கண்ணாடி போட்டுக்கொண்டு பின்பக்கத்தைப் படிக்கிறாள். ஐரோப்பாவில் பூசி விடுகிற பொருளில் 0.001 சதவீதத்துக்கு மேல் லினலூல் இருந்தால் அதன் பெயரைத் தனியாக அச்சிட வேண்டும் என்றே சட்டம். அத்தனை சின்ன அளவுக்கு!

மாணவி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்த வரியெல்லாம் எடுத்துட்டா யாருங்க டீச்சர் வாங்குவாங்க? மத்தவங்க எல்லாரும் அப்படித்தானே போடறாங்க?" என்றாள். நியாயமான கேள்வி. வீட்டு வாடகை கொடுக்க வேண்டியவள் கேட்கிறாள். எனக்குப் பட்டென்று பதில் வரவில்லை. மறுபடி தாளையே காட்டினேன். ஒரு சதவீதம் என்றால் அரை லிட்டருக்கு 5 மில்லி போதும். இரண்டு பாட்டில் போட்ட இடத்தில் அரைப் பாட்டில். ஒரு பாட்டில் அவள் வாங்குவது 450 ரூபாய். ஒவ்வொரு அரை லிட்டருக்கும் 675 ரூபாய் மிச்சம். எண்ணெய் கைச்சூட்டுக்கு ஆறிய பிறகு கலந்தால் வாசனையும் நிற்கும். அந்தக் கணக்குதான் அவளைக் கொஞ்சம் அசைத்தது, என் அறிவுரை இல்லை.

முடி விஷயத்துக்கு வருகிறேன். லாவெண்டர் முடி வளர்க்கும் என்று சுற்றுகிற செய்திகளில் பலவற்றுக்கு மூலம் 1998-இல் ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகரில் நடந்த ஓர் ஆய்வு. நல்ல ஆய்வுதான். ஆனால் அது புழுவெட்டு நோயாளிகளிடம் செய்தது, சாதாரணமாக முடி கொட்டுகிறவர்களிடம் அல்ல. கலந்தது நான்கு தைலங்கள்: தைம், ரோஸ்மேரி, லாவெண்டர், சிடார் மரத் தைலம். ஏழு மாதம், தினமும் தலையில் தேய்த்துவிட்டார்கள். தைலம் கலந்த எண்ணெய் தேய்த்த 43 பேரில் 19 பேருக்கு முன்னேற்றம், வெறும் எண்ணெய் தேய்த்த 41 பேரில் 6 பேருக்கு. நான்கில் எது வேலை செய்தது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. ஏழு மாதத்தைப் 'பதினைந்தே நாள்' ஆக்கியது நம் ஆட்கள். முடி கொத்துக் கொத்தாகக் கொட்டினால் இரத்தச் சோகையா, தைராய்டா என்று முதலில் பாருங்கள், பெண்பிள்ளைகள் குறிப்பாக. தேங்காய் எண்ணெய் முடியின் புரதச் சத்து வெளியேறுவதைக் குறைக்கும் என்பதற்கு ஆதாரம் உண்டு. லாவெண்டரை வாசனைக்காகச் சேருங்கள். வாசனையும் ஒரு சுகம்தானே, அதில் என்ன குறைச்சல்?

இன்னொரு கதையும் உங்கள் குழுக்களில் வருகிறது: பிரெஞ்சு விஞ்ஞானி ஒருவர் கை எரிந்தபோது பக்கத்தில் இருந்த லாவெண்டர் தொட்டியில் கையை விட்டார், மந்திரம் போல ஆறிவிட்டது என்று. அவர் பெயர் ரெனே மோரிஸ் கட்ஃபோசே. 1910-இல் அவருடைய ஆய்வுக்கூடத்தில் வெடி விபத்து நடந்தது உண்மை. 1937-இல் வந்த அவர் புத்தகத்தில் இருப்பது வேறு. தீயைப் புல்தரையில் புரண்டு அணைத்தார். பிறகு கையில் புண் அழுகத் தொடங்கியபோது லாவெண்டர் தைலத்தால் கழுவினார். தொட்டியெல்லாம் பின்னால் சேர்ந்தது. சமையலறையில் சுட்டுக்கொண்டால் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் கையைக் காட்டுங்கள். தைலம் வேண்டாம்.

குழந்தைகளைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்கிறேன், பாட்டிமார்கள் கவனிக்கவும். இரண்டு வயதுக்குள் எந்தத் தைலமும் தோலில் வேண்டாம். லாவெண்டரும் டீ ட்ரீ தைலமும் சேர்ந்த பொருள்களைப் பயன்படுத்திய சிறுவர்கள் சிலருக்கு மார்பு வளர்ந்ததாக 2007-இல் மருத்துவ இதழ் ஒன்றில் வந்தது. அதை மறுத்தும் ஆய்வுகள் வந்துள்ளன. விவாதம் நடக்கட்டும், நம் வீட்டுப் பிள்ளைக்குத் தேங்காய் எண்ணெய் போதும். பாட்டிலை உயரத்தில் வையுங்கள். குடித்துவிட்டால் விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காமல் நேராக மருத்துவமனைக்கு ஓடுங்கள். கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடுங்கள்.

தண்ணீரில் பத்துச் சொட்டு விட்டுத் தெளிப்பானில் ஊற்றி முகத்தில் அடிக்கிறீர்களே, அது வேண்டாம். தைலம் தண்ணீரில் கரையாது, மேலே மிதக்கும். ஒருநாள் வெறும் தண்ணீர் வரும், ஒருநாள் கலக்காத தைலம் கண்ணில் படும். கற்றாழைச் சோற்றில் விட்டாலும் இதே கதைதான். தோட்டத்துக் கற்றாழை இரண்டு நாளில் கெட்டுப்போகும், லாவெண்டர் அதைக் காப்பாற்றாது.

வாங்கும்போது ஒட்டுத்தாளில் லாவண்டுலா அங்குஸ்டிபோலியா என்ற தாவரப் பெயர் இருக்கிறதா பாருங்கள். லாவண்டின் என்று இருந்தால் அது கலப்பினம், விலை குறைவு, கற்பூர நெடி அதிகம். 'ஃப்ராக்ரன்ஸ் ஆயில்' என்று இருந்தால் மெழுகுவத்திக்கு ஆகும், தலைக்கு ஆகாது. காகிதத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து, மறுநாளும் எண்ணெய்க் கறை பளபளப்பாக நின்றால் வேறு எண்ணெய் கலந்திருக்கிறார்கள்.

என் அளவு இதுதான். தலைக்கு 100 மில்லி தேங்காய் எண்ணெய், 20 சொட்டு. முகத்துக்கோ கைக்கோ 30 மில்லி பாதாம் எண்ணெய், 3 சொட்டு. ஒரு மில்லிக்குச் சுமார் 20 சொட்டு என்பது கணக்கு. சொட்டு மூடி பாட்டிலுக்குப் பாட்டில் மாறும் என்பதால், மருந்துக்கடையில் ஊசி இல்லாத 1 மில்லி சிரிஞ்ச் வாங்கி அளந்தால் இன்னும் நல்லது. கலந்ததை முழங்கை மடிப்பில் கொஞ்சம் தடவி இரண்டு நாள் பாருங்கள். அரிப்பு, சிவப்பு இருந்தால் அத்தோடு விட்டுவிடுங்கள்.

மாணவி போன வாரம் புதிய ஒட்டுத்தாளோடு வந்தாள். என்னென்ன சேர்ந்திருக்கிறது, எத்தனை சதவீதம், செய்த தேதி, குழந்தைகளுக்கு வேண்டாம். அவ்வளவுதான். நோய் தீரும் என்று எழுதினால் சட்டப்படி அது மருந்தாகிவிடும் என்பதையும், வீட்டில் செய்தாலும் அழகுப் பொருளை விற்க மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உரிமம் வேண்டும் என்பதையும் சொன்னேன். முகம் வாடிவிட்டது. விண்ணப்பத்தை நாங்கள் இருவரும் உட்கார்ந்து நிரப்பிக்கொண்டிருக்கிறோம். உங்களில் இந்த உரிமம் எடுத்த அனுபவம் யாருக்காவது இருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள், அவளிடம் சேர்க்கிறேன். அது வரும் வரை குரூப்பில் நான் எதுவும் போடுவதாக இல்லை, அவளுக்கும் அது தெரியும்.

வீட்டில் ஏற்கெனவே பாட்டில் வைத்திருப்பவர்கள் இன்றே அதில் திறந்த தேதியை எழுதி ஒட்டுங்கள். பழுப்புக் கண்ணாடிப் பாட்டிலில், மூடியை இறுக்கி, வெயில் படாத அலமாரியில் வையுங்கள். ஃப்ரிட்ஜில் வைத்தால் இன்னும் நல்லது. திறந்து ஒரு வருடம் தாண்டியதைத் தோலில் போடாதீர்கள். காசு கொடுத்ததை எறிய மனம் வராவிட்டால், பஞ்சில் நனைத்துச் சின்னக் கிண்ணத்தில் வைத்து, பீரோவின் அடித்தட்டில் துணியில் படாமல் வைத்துவிடுங்கள்.